தரங்கம்பாடிக்கும் பண்ணைப்புரத்துக்கும் ஒரே வீடா?

குடிசையில்லாத தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024ஆம் ஆண்டு கலைஞரின் கனவு இல்லம் திட்டம் தொடங்கியது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் போட்டே ஆகவேண்டும். மிச்சமுள்ள 60 சதுர அடியைத் தீப்பிடிக்காத வேறு பொருளால் மூடலாம். ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரத்தை ஒட்டிய சிற்றூருக்கும் இதே அளவுதான். மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில், தரங்கம்பாடியை ஒட்டிய மீனவர் ஊருக்கும் இதே அளவுதான். (பண்ணைப்புரம், தரங்கம்பாடி இரண்டும் பேரூராட்சிகள், திட்டம் ஊராட்சிகளுக்கானது. அதனால்தான் ‘ஒட்டிய’ என்று சொல்லவேண்டியிருக்கிறது.) குடிசையை ஒழிக்கவேண்டும் என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. வீட்டைக் கூரைப் பொருளை வைத்து மட்டும் அளப்பதுதான் இடிக்கிறது. கடலோரக் கூரை வீட்டுக்குள் பல நூறு வருட அனுபவம் அடங்கியிருக்கிறது. ஓலையைத் தூக்கிப் போடும்போது அந்த அனுபவத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். அதற்கான விலையைப் பத்து, பதினைந்து வருடம் கழித்து அந்த ஊர்க்காரர்களே கொடுக்கிறார்கள்.

பண்ணைப்புரத்திலிருந்து நேர்கோட்டில் மேற்கே போனால் அரபிக்கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மலை நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் காற்றாக மட்டும் இறங்குகிறது. ஆடி மாதம் கம்பம் பள்ளத்தாக்கில் அந்தக் காற்றின் வேகம் எப்படி என்பதை அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தேனி மாவட்டத்துக் காற்றாலைகள் சும்மா நடப்பட்டவை அல்ல. பகல் வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்க அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் தடித்த மண்சுவரையும் கல்சுவரையும் நம்பின. சன்னல் சிறிது, கூரை ஓடு, முன்னால் திண்ணை. தடித்த சுவர் பகல் சூட்டை மெல்ல மெல்ல உள்ளே விடும். அது உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்து வெளியே குளிர் இறங்கியிருக்கும். இந்த வீட்டை அப்படியே பெயர்த்துக் கடற்கரையில் வைத்தால் உள்ளே உட்கார முடியாது. அங்கே பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, ஈரம் அதிகம். உடம்பு வேர்வையைக் காயவைக்கக் காற்று குறுக்கே ஓடவேண்டும். தடித்த சுவரும் சின்னச் சன்னலும் அதைத்தான் தடுக்கும். போதாததற்குக் காலடியில் மணல், காற்றில் உப்பு. நிலமும் நிலையானது அல்ல, கடல் அதைத் தின்னும், திருப்பியும் தரும்.

இத்தனைக்கும் சேர்த்துச் சோழமண்டலக் கடற்கரை கண்டுபிடித்த விடைதான் கூரை வீடு. ஒரு தென்னை மட்டையை நடு நரம்போடு இரண்டாகப் பிளந்து, உப்பங்கழியிலோ குட்டையிலோ ஊறப்போட்டு, ஓலைகளை ஒன்றுக்குள் ஒன்று நுழைத்து முடைந்தால் ஒரு கீற்று. ஊறவைப்பதால் ஓலை வளைந்து கொடுக்கும், பூச்சியும் சீக்கிரம் அரிக்காது. பனங்கையும் மூங்கிலும் கொண்டு சட்டம் கட்டி, குறுக்கே வரிச்சு பிடித்து, இறவாணத்திலிருந்து மேல்நோக்கி ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி கீற்றை வேய்ந்து கயிற்றால் கட்டிக்கொண்டே போவார்கள். ஆணி கிட்டத்தட்ட கிடையாது. காற்று தூக்கும்போது முடிச்சு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், ஆணி அசையாது, பிடுங்கிக்கொண்டு வரும். கூரை நாலு பக்கமும் சரிந்து, குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருக்கும். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அந்தத் தாழ்வு வறுமையாகத் தெரியும். உண்மையில் தட்டையான கூரையைவிட, இரண்டு பக்கம் மட்டும் சரிந்து முக்கோணச் சுவர் காட்டும் கூரையைவிட, நாலு பக்கச் சரிவுக் கூரையைக் காற்று பிடித்து மேலே தூக்குவது கடினம். புயல் பகுதிகளுக்கு இன்றைய பொறியாளர்கள் பரிந்துரைப்பதும் அதே வடிவத்தைத்தான். தாழ்ந்த இறவாணம் சாரல் மழை சுவரில் அடிக்காமல் காக்கும், மணலின் கண்கூசும் வெளிச்சத்தை மறைக்கும். அடுப்புப் புகை கூரை இடுக்கு வழியாக வெளியேறும். தாழ்வாரத்தில் வலை கிடக்கும், வாசலில் கருவாடு காயும். அங்கே உட்கார்ந்தபடியே கடலின் நிறத்தையும், வீசுவது வாடையா, கச்சானா, கொண்டலா என்பதையும் பார்த்து, இன்றைக்குத் தொழிலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும். வீட்டின் பாதி வேலை வீட்டுக்கு வெளியே நடக்கிறது என்பதை அறிந்து கட்டிய வீடு அது.

தென்னங்கீற்று ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் தாங்காது. பனையோலை இன்னும் சில வருடம் கூட நிற்கும். இந்தக் குறைந்த ஆயுளைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள். கடலோரத்தில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தரங்கம்பாடியில் கடற்கரையை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாண்டியர் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கல்லால் கட்டியவர்களுக்கே அந்தக் கதி. டேனியர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். இத்தனை காலமும் பக்கத்திலேயே இருந்த மீனவர் குடியிருப்பு, கடல் முன்னே வந்தால் சில முழம் பின்னே தள்ளிப் போய் மறுபடி கூரை போட்டுக்கொண்டு பிழைத்திருக்கிறது. சட்டத்தை அவிழ்த்து எடுத்துப் போகலாம், கூரைதான் புதிது. மீனவருக்குக் கரையோர மணலுக்குப் பட்டா இருப்பது அரிது. காலங்காலமாகக் குடியிருந்தாலும் ஏட்டில் அது புறம்போக்கு. 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, அலையெல்லைக்கு 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்று கோடு போட்டது. பாரம்பரியக் கடலோரச் சமூகங்களின் வீடுகளுக்குத் தனிச் சலுகை 2011 அறிவிக்கையில்தான் தெளிவாக வந்தது. கையில் காகிதம் இல்லாத நிலத்தில், நகரும் கரையில், வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் சிமெண்டாக ஊற்றிவைப்பது புத்திசாலித்தனமா என்று கேட்டால், அந்த மீனவரின் பாட்டன் செய்த கணக்கே சரி என்றுதான் தோன்றும்.

அந்தச் சிமெண்டுதான் அங்கே எத்தனை காலம் நிற்கிறது? கான்கிரீட் நிரந்தரமானது என்ற நம்பிக்கை கம்பம் பள்ளத்தாக்கில் ஓரளவு உண்மை, கடற்கரையில் பாதிப் பொய். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது சிமெண்டின் காரத்தன்மை. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு சேர்ந்து நுண்துளைகள் வழியாக உள்ளே இறங்கி, கம்பியை எட்டியதும் அந்தக் காவல் உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது வீங்கும்போது கீழே உள்ள பூச்சு வெடித்துப் பாளம் பாளமாக விழும். இதைத் தள்ளிப்போட வழி உண்டு, நம் நாட்டுத் தர விதியான ஐ.எஸ். 456 அதைச் சொல்லியும் இருக்கிறது. வெயில் மழை அதிகம் தாக்காத உள்நாட்டு இடத்தில் கம்பிக்கு வெளியே 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும். கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும், கலவையும் எம்30 தரத்துக்குக் குறையக்கூடாது. முக்கால் அங்குலத்துக்கும் ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் வீட்டின் ஆயுள் இருக்கிறது. நான்கைந்து அங்குலத் தளத்தில், உவர்ப்புத் தண்ணீரில் கலவை போட்டு, மேஸ்திரி கண்ணளவில் கம்பி கட்டும் 360 சதுர அடி வீட்டில் அந்த ஒரு அங்குலத்தை யார் அளந்து பார்க்கிறார்கள்? சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் எழுந்த தொகுப்பு வீடுகள் பலவற்றில் மேற்கூரை பெயர்ந்து கம்பி தெரிவதாகச் செய்தித்தாள்களில் படம் வராத வருடம் இல்லை. கீற்று கிழிந்தால் வீட்டுக்காரரே மாற்றுவார். தளம் பெயர்ந்தால் அவர் மனு எழுதுகிறார்.

சூடு இன்னொரு கதை. ஓலைக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது; வெயில் போனதும் கூரையும் ஆறிவிடும். கான்கிரீட் தளம் நாளெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சாயங்காலத்திலிருந்து நடுராத்திரி வரை தலைக்கு மேலே திருப்பிக் கொடுக்கும். விடியும் முன் கடலுக்குப் போகவேண்டிய மனிதர் தூங்கவேண்டிய நேரம் சரியாக அதுதான்.

2004 டிசம்பர் 26 சுனாமி இந்த வாதத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய சோதனைச்சாலை என்று சொல்வது கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் உண்மை அதுதான். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே பணம் அனுப்பியது. கடலிலிருந்து தள்ளிப் போனால் புது வீடு, தொண்டு நிறுவனம் கட்டித்தரும் என்று 2005இல் அரசு கொள்கை வகுத்தது. நிறுவனங்கள் ஊர் ஊராகத் தத்தெடுத்தன. பல இடங்களில் ஒப்பந்தக்காரர் வந்து, தென்னையையும் பூவரசையும் வெட்டித் தரையைச் சமப்படுத்தி, வரிசையாக ஒரே மாதிரி கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிவிட்டுப் போனார். சுவிட்சர்லாந்திலிருந்து இதை ஆராய்ந்த மானிடவியலாளர் ஜெனிஃபர் டுய்ன் பாரன்ஸ்டைன், சேதமே ஆகாத நல்ல வீடுகளும்கூடப் புது வீட்டுக்கு இடம்விட இடிக்கப்பட்டதையும், மரங்கள் போனதால் ஊரின் வாழ்க்கை முறையே குலைந்ததையும் எழுதியிருக்கிறார். மரநிழல்தான் கடலோர ஊரின் கூடம். வலை பின்னுவது, ஊர்ப் பஞ்சாயத்து கூடுவது, பெண்கள் மீன் விற்ற கணக்குப் பார்ப்பது எல்லாம் அதன் கீழே. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு மாதிரி முயன்றார்கள். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கட்டடக் கலைஞர் லாரி பேக்கரிடம் பயின்ற பென்னி குரியகோஸோடு சேர்ந்து, குடும்பங்களோடு பேசி வீடுகளைத் திட்டமிட்டது. அவையும் செங்கல், கான்கிரீட் வீடுகள்தான், ஓலை வீடுகள் அல்ல. பழைய குடியிருப்பு என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டுத்தான் புதியதை வரைந்தார்கள்.

இதற்கு வரும் எதிர்ப்புகளில் முதலாவது, மிகவும் வலுவானது, தீ. ஓலைக்கு ஒரு பொறி போதும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக்கொட்டகையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்கு 36 வருடம் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சைப் பகுதியின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்தபோது, வெளியிலிருந்து தீ வைத்து 44 பேரை எரித்தார்கள். கூரை வீட்டின் அழகைப் பற்றிப் பேச வருகிற யாரும் இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். மாடி வீடு கேட்பது பலருக்கு வசதி கேட்பது மட்டும் அல்ல, எரிக்க முடியாத வீடு கேட்பது. ஆகவே ஓலையைக் காப்பாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. நெருக்கமான குடியிருப்பில் ஓலை போகவேண்டியதுதான். ஆனால் தீப்பிடித்தது ஓலை. நாலு பக்கச் சரிவு தீப்பிடிக்கவில்லை, தாழ்ந்த இறவாணமும் தாழ்வாரமும் பூவரச நிழலும் தீப்பிடிக்கவில்லை. பொருளை மாற்ற எடுத்த முடிவு வடிவத்தையும் ஏன் அடித்துக்கொண்டு போகவேண்டும்? தீயை எதிர்க்க ஓடு போதும். பண்ணைப்புரத்துப் பழைய தெருக்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இரண்டாவது எதிர்ப்பு, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பல்லாயிரம் கூரை வீடுகள் போயின. கான்கிரீட் வீடுகள் பெரும்பாலும் நின்றன. சரி. ஆனால் உயிரைக் காப்பது எது என்று தனியாகக் கேட்கவேண்டும். 1970இல் இன்றைய வங்காளதேசக் கரையைத் தாக்கிய போலா புயலில் செத்தவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறையாது. 1991 புயலில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 2007இல் சிட்ர் புயலில் மூவாயிரத்துச் சொச்சம். இடையில் அந்தக் கரையோரக் குடும்பங்கள் எல்லாம் கான்கிரீட் வீட்டுக்குக் குடிபோய்விடவில்லை. பெரும்பாலோர் மூங்கிலும் தகரமுமான வீட்டில்தான் இருந்தார்கள். மாறியது முன்னெச்சரிக்கையும், தூண்களின் மேல் உயரமாகக் கட்டிய புயல் காப்பகங்களும், வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்த தொண்டர்களும். கஜாவின்போது நம் ஊரிலும் உயிர்ச்சேதம் பத்துக்கணக்கில்தான் எண்ணப்பட்டது என்றால், முன்கூட்டியே மக்களை முகாம்களுக்கு அழைத்துப் போனது ஒரு முக்கியக் காரணம். ஊருக்கு ஒரு காப்பகம், 45 மில்லிமீட்டர் விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றி, பொறியாளர் கண்ணெதிரில் கட்டப்படட்டும். கான்கிரீட்டின் சரியான இடம் அது. சுனாமிக்கும் இதுவே பொருந்தும்: அன்றைக்கு உயிர் தப்பியவர்களில் பலர் ஏறி நின்றது உயரமான மாடியில். கடலோரம் ஒற்றைத் தளமாக நிற்கும் 360 சதுர அடிப் பெட்டி அந்த உயரத்தைத் தருவதில்லை.

மூன்றாவது எதிர்ப்பைத்தான் தட்டிக்கழிக்கவே முடியாது: அங்கே இருப்பவர்களே மச்சு வீடுதான் வேண்டும் என்கிறார்கள், நீ யார் கேட்க? மச்சு வீடு இருந்தால் பெண் கொடுப்பார்கள், வங்கி கடன் கொடுக்கும், வருடா வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் கீற்றுக்கு அலையவேண்டாம். கஜாவில் லட்சக்கணக்கான தென்னை சாய்ந்த பிறகு கீற்று சும்மா கிடைக்கும் பொருளும் அல்ல, முடையத் தெரிந்த கைகளும் குறைகின்றன. இதெல்லாம் நியாயமான காரணங்கள். ஏழையின் வீட்டை அருங்காட்சியகப் பொருளாக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், கடலோரத்தில், கெரனன் என்று ஒரு சிற்றூர். இரட்டைக் கல்சுவருக்கு நடுவே மண் நிரப்பி, மேலே புல் கூரை வேய்ந்து, அட்லாண்டிக் காற்று தூக்காமல் இருக்கக் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்ட வீடுகள். பராமரிக்க முடியாமல் கடைசிக் குடும்பங்கள் 1974இல் வெளியேறின. பிறகு அந்த வீடுகளைப் புதுப்பித்து, இன்று சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதே வேடிக்கை: மீனவர் அவமானமாக நினைத்துக் கைவிட்ட கீற்றுக் குடிலைச் சொகுசு விடுதிகள் குளிர்சாதனம் மாட்டி ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் விற்கின்றன. ஆசைக்குரிய பொருளாக அதை மாற்றப் பணக்காரரால் முடிகிறது, அங்கேயே பிறந்தவரால் முடியவில்லை. மக்கள் கான்கிரீட்டைக் கேட்பது உண்மைதான். அதோடு, மானியம் கான்கிரீட்டுக்கு மட்டும்தான் என்னும்போது வேறு எதைக் கேட்பார்கள்? ஓட்டுக்கூரை வீட்டுக்கும் அதே மூன்றரை லட்சம், அதே பட்டா, அதே கடன் என்று முன்னால் வைத்து அவர்களை ஒருமுறையும் யாரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டபிறகும் தளம்தான் வேண்டும் என்றால் போடட்டும், அதில் வாதாட எனக்கு உரிமை இல்லை.

செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். கம்பம் மெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் போனால், லாரி பேக்கர் 1970களின் நடுவில் திருவனந்தபுரத்துப் பூந்துறையில் மீனவருக்கென்று ஒரு குடியிருப்பைக் கட்டினார். வீடுகளை நேர்வரிசையில் நிறுத்தாமல் சற்றே விலக்கி விலக்கி வைத்தார், பின்வரிசைக்கும் கடற்காற்று வரவேண்டும், முன்னால் வலை காயவைக்க இடம் வேண்டும் என்பதற்காக. சுவரில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சன்னல் செலவையும் மிச்சம் பிடித்தார். கூரை வீட்டின் இடுக்குகள் செய்த வேலையை அந்தச் சுவர் செய்தது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் பாரம் தாங்காத இடங்களில் பழைய ஓடுகளைப் பதித்து ஊற்றும் முறையையும் அவர் பரப்பினார். சிமெண்டு குறையும், ஓட்டுக்குள் அடைபட்ட காற்றால் சூடும் குறையும்.

திட்டத்தை மாற்றி எழுதப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். 300, 60 என்ற பங்கீட்டைக் கடலோர ஊராட்சிகளில் தளர்த்தினால் போதும்: அறை ஒன்றுக்கு மட்டும் கான்கிரீட், மிச்சத்துக்கு நாலு பக்கச் சரிவில் ஓடு, முன்னால் தாழ்வாரம். தளம் போடும் இடத்தில் கம்பி மூடும் கனத்தை அளந்து கையெழுத்திட்ட பிறகே அடுத்த தவணை விடுவிக்கப்படட்டும். மனையில் நிற்கும் மரத்தை வெட்டாமல் வரைபடம் போடும் குடும்பத்துக்குக் கூடுதலாக ஒரு சிறு தொகை கொடுக்கலாம். கம்பம் பள்ளத்தாக்குக்கும் இதே தளர்வு பொருந்தும். அங்கே தடித்த சுவருக்கும் ஓட்டுக்கும் இடம் கொடுத்தால் ஆடிக்காற்றும் சித்திரை வெயிலும் இப்போதைவிடக் குறைவாகவே வீட்டுக்குள் வரும். எட்டு லட்சத்தில் இன்னும் கட்டவேண்டியவை ஏராளம். வரைபடத்தைத் திருத்துவதற்கு 2030 வரை அவகாசம் இருக்கிறது, முதல் மழைக்குப் பெயரத் தொடங்கும் தளங்களுக்கு அந்த அவகாசம் கிடையாது.